பூச்சாண்டிக்கு ஐந்து எழுத்து

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் தலைப்பைத் 'தமிழும் விளையாட்டும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். சிலம்பம், சடுகுடு, பல்லாங்குழி என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பேசப்போவது இரண்டு பேர் உட்கார்ந்த இடத்தில், வாயை மட்டும் வைத்துக்கொண்டு ஆடுகிற ஓர் ஆட்டத்தைப் பற்றி. பலகை வேண்டாம், காய் வேண்டாம், தாள் பென்சில் வேண்டாம். விளக்குகூட வேண்டாம். எனக்கு அது அறிமுகமானதே விளக்கில்லாத ஓர் இரவில்தான்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். பத்து வயது, சென்னையில் ஆங்கில வழிப் பள்ளி. மாலை ஏழு மணிக்கு மின்சாரம் போனது. எட்டு மணிக்குக் கைப்பேசியும் கண்ணை மூடிக்கொண்டது. குழந்தை கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டு, "தாத்தா, கோஸ்ட் விளையாடலாமா?" என்றாள். பேய் விளையாட்டா, மழை ராத்திரியில் நல்ல யோசனைதான் என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் கார்ப் பயணங்களில் ஆடுகிற ஆட்டம் அது. முதல் ஆள் ஓர் எழுத்துச் சொல்வார். மற்றவர் அதன் பின்னால் ஓர் எழுத்துச் சேர்ப்பார். மறுபடி இவர், மறுபடி அவர். ஒவ்வொரு முறையும் உங்கள் மனத்தில் ஒரு முழுச் சொல் இருக்க வேண்டும். இதுவரை வந்த எழுத்துகளில் அந்தச் சொல் தொடங்க வேண்டும். ஆனால் சொல்லை முடித்துவிடக் கூடாது. யார் வாயில் சொல் முடிகிறதோ அவருக்குத் தோல்வி. நான்கு எழுத்துக்குக் குறைந்த சொல் இடையில் அமைந்துவிட்டால் குற்றமில்லை. எதிராளி சும்மா அளந்துவிடுகிறார் என்று தோன்றினால், "என்ன சொல்? சொல்லு பார்க்கலாம்" என்று மடக்கலாம். அவரிடம் சொல் இருந்தால் மடக்கியவர் தோற்றார். இல்லாவிட்டால் அளந்தவர் தோற்றார். ஒவ்வொரு தோல்விக்கும் ஓர் எழுத்துத் தலையில் ஏறும்: ஜி, ஹெச், ஓ, எஸ், டி. ஐந்தும் ஏறினால் நீங்கள் முழுப் பேய்.

ஆங்கிலத்தில் பத்து நிமிடத்தில் நான் பேயானேன். முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு ரோஷம் வராதா? "தமிழில் ஆடுவோம் வா" என்றேன். அவள் உடனே கேட்டாள்: "தமிழ்ல பேய்க்கு ரெண்டே எழுத்துதானே தாத்தா? ரெண்டு தடவை தோத்தாலே அவுட்டா?"

பே, ய். உண்மைதான். இருட்டில் இருவரும் பேய்க்கு வேறு பெயர் தேடினோம். பிசாசு, மூன்று. முனி, இரண்டு. கொள்ளிவாய்ப் பிசாசு என்றால் விடிந்துவிடும். கடைசியில் அகப்பட்டது பூச்சாண்டி. பூ, ச், சா, ண், டி. ஐந்து எழுத்து. ஆங்கிலப் பேயும் 'டி'யில்தான் முடிகிறது, நம் பூச்சாண்டியும் 'டி'யில்தான் முடிகிறான். இந்தப் பொருத்தத்தை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஆட்டத்தில் பக்தி வந்துவிட்டது.

முதல் ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நீங்களும் மனத்தில் கூடவே வாருங்கள்.

நான் 'க' என்றேன். அவள் 'இட்' என்றாள். புள்ளி வைத்த ட். நான் 'ட'. இப்போது கட்ட. அவள் 'ம்' சொன்னால் கட்டம், தோல்வி. 'ளை' சொன்னால் கட்டளை, அதுவும் நான்கெழுத்து, தோல்வி. நான் மீசையை முறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவள் மெதுவாக 'ட' என்றாள். கட்டட. எனக்கு மூச்சு நின்றது. 'ம்' சொன்னால் கட்டடம், ஐந்தாம் எழுத்து என் வாயில். தப்பிக்க வழி உண்டா? உண்டு என்று நினைத்து 'இக்' என்றேன். அவள் யோசிக்காமல் 'க' என்றாள். கட்டடக்க. மிச்சமிருந்தது 'லை'. கட்டடக்கலை, ஏழாம் எழுத்து, மறுபடியும் என் வாயில். குழிக்குத் தப்பிக் கிணற்றில் விழுந்தேன். என் தலையில் 'பூ' ஏறியது.

(கட்டடமா கட்டிடமா என்று இந்த அவையில் இரண்டு கட்சி இருப்பது எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்து தேநீர் வரும்போது வைத்துக்கொள்வோம்.)

அடுத்த ஆட்டம். நான் விடாப்பிடியாக மறுபடியும் 'க'. அவளும் விடாமல் 'ட்'. இந்த முறை 'ட' சொல்லாமல் 'டு' என்றேன். கட்டு. மூன்றெழுத்து, ஆபத்தில்லை. மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அவள் 'ப்' சொன்னால் நான் 'பா', அவள் 'டு' சொல்லிக் கட்டுப்பாட்டில் விழுவாள். 'ம' சொன்னால் நான் 'ர', கட்டுமரம் அவளைக் கவிழ்க்கும். 'ச்' என்றால் கட்டுச்சோறு. எந்தப் பக்கம் போனாலும் ஆறெழுத்து; ஆறாவது அவளுடையது. அவள் 'வி' என்றாள். எனக்குப் புரியவில்லை. கட்டுவி? அளக்கிறாள் என்று நினைத்து மடக்கினேன். "கட்டுவிரியன், தாத்தா. பாம்பு. இந்தியாவுல நாலு பெரிய விஷப்பாம்புல ஒண்ணு." பாம்புப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதுவே என்னைக் கடித்தது. 'ச்' ஏறியது.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு விடை தெரிந்தது. கட்டுவி என்று அவள் நிறுத்தியபோது நான் மடக்கியிருக்கக் கூடாது. 'ச்' என்று சொல்லியிருக்க வேண்டும். கட்டுவிச்சி. முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிக் குறி சொல்லும் பெண். அகப்பாடல்களில் தலைவியின் நோய்க்குக் காரணம் கேட்டுத் தாய் அவளிடம் போவாள். வகுப்பில் வருடா வருடம் நடத்தியிருக்கிறேன். க, ட், டு, வி, ச், சி. ஆறெழுத்து. நான் 'ச்' சொன்னால் 'சி' சொல்வதைத் தவிர அவளுக்கு வழியே இல்லை. வாயில் பற்பசை நுரையோடு ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்படி ஒரு சொல் இருக்கா?" என்றாள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டு, "நேத்து சொல்லலியே தாத்தா" என்றாள். அவ்வளவுதான். தீர்ப்பு மாறவில்லை.

இதை என் நண்பரிடம் சொன்னேன். அவரும் தமிழாசிரியர். அவர் சிரித்துவிட்டு, "உன் பேத்தி 'வி' சொன்னவுடனேயே தோற்றுவிட்டாள் ஐயா. கட்டு என்பதன் பிறவினை கட்டுவி. நாலெழுத்து. முடிந்த சொல்" என்றார். முப்பது வருடம் தன்வினை பிறவினை நடத்தியவன் நான்! மழை ராத்திரியில் அது ஒன்றும் கைகொடுக்கவில்லை.

இங்கேதான் ஆட்டம் விதியைக் கேட்கிறது. ஆங்கிலத்தில் சொல் ஓர் இடத்தில் முடிந்து நிற்கும். தமிழ்ச் சொல் அப்படி நிற்காது. மரம் மரத்தை ஆகும், மரத்தில் ஆகும், மரத்திலிருந்து ஆகும், மரத்திலிருந்துதானே என்று நீளும். வினைச்சொல்லைக் கேட்கவே வேண்டாம். உருபேற்றதையும் விகுதி சேர்ந்ததையும் விட்டால் இந்த ஆட்டத்துக்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாது. எங்கள் வீட்டில் வைத்திருக்கும் விதி: அகராதியில் தனித் தலைச்சொல்லாக இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது. இன்னொன்று, நான்கெழுத்து வரம்பைத் தமிழில் தளர்த்தவே முடியாது. ஆ, ஈ, பூ, வா, போ, கை, தீ என்று ஓரெழுத்தே சொல்லாக நிற்கிற மொழி இது. நன்னூல் நாற்பத்திரண்டு ஓரெழுத்துச் சொற்களை எண்ணிச் சொல்கிறது. வரம்பு இல்லாவிட்டால் வாயைத் திறந்தவுடனேயே தோற்பீர்கள்.

அடுத்து, எழுத்தை எப்படி உச்சரிப்பது? ஆங்கிலத்தில் எழுத்துக்குப் பெயர் வேறு, ஒலி வேறு. 'டபிள்யூ' என்று மூச்சு வாங்கச் சொல்கிறோம். அந்த ஒலி எந்தச் சொல்லிலும் வருவதில்லை. நமக்கு 'கா' என்றால் கா. மெய்யெழுத்துக்கு மட்டும் திண்ணைப் பள்ளிக்காலம் முதல் ஒரு கைப்பிடி வைத்திருக்கிறோம்: இக், இங், இச், இஞ். அந்த முன் 'இ' ஒரு காம்பு மாதிரி. பிடித்துக் கொடுத்துவிட்டு விட்டுவிடலாம். வாயால் ஆடுவதற்கென்றே செய்துவைத்தது போல இருக்கிறது.

தொல்லை வேறு இடத்தில். காதுக்கு 'ர' என்று கேட்கிறது. சின்ன ரவா, பெரிய றவா? 'ன' என்றால் ரெண்டு சுழியா, மூணு சுழியா, தந்நகரமா? 'ல' என்றால் பல்லு லவா, பள்ளிக்கூட ளவா, பழத்து ழவா? இருட்டில் முகம்கூடத் தெரியாமல் ஆடும்போது இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பேத்திக்கு ழகரம் சரியாக வராது. அவள் தலைமுறைக்கே வராது என்று நாம் மேடைக்கு மேடை அழுகிறோம். அன்று இரவு அவள் ழகரத்தை ஆறேழு தடவை தானாகத் திருத்திச் சொன்னாள். 'பழம்' என்று நினைத்துச் சொன்ன எழுத்தை நான் 'பள்ளம்' என்று எடுத்துக்கொண்டால் ஆட்டம் போய்விடுமே என்ற கவலை. எந்த அறிவுரையும் செய்யாததை ஒரு 'சா'வுக்கான பயம் செய்தது.

நான் இன்று சொல்ல வந்ததே இதுதான். பவணந்தி முனிவர் நன்னூல் எழுத்ததிகாரத்தில் சொன்னவற்றை நாங்கள் மனப்பாடம் செய்தோம், தேர்வில் கக்கினோம், மறந்தோம். மொழிமுதல் எழுத்து எவை, மொழி இறுதி எழுத்து எவை, எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும்: வகுப்பில் இவை மூன்றும் தூக்க மாத்திரைகள். இந்த ஆட்டத்தில் இவையே ஆயுதம்.

பாருங்கள். எழுத்து 247 என்று மார்தட்டுகிறோம். அவற்றில் சொல்லுக்கு முதலில் வருபவை நன்னூல் கணக்கில் 103தான். ஆட்டத்தைத் தொடங்குபவர் கையில் இருப்பது அவ்வளவே. இறுதியில் வருபவை உயிர் பன்னிரண்டு, மெய் பதினொன்று, குற்றியலுகரம் ஒன்று. அந்தப் பதினொரு மெய்யில் க், ச், ட், த், ப், ற் ஆறும் இல்லை. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. ஆட்டக்காரனுக்கு இதன் பொருள் என்ன? வல்லின மெய்யைச் சொன்னால் அந்த முறை நீங்கள் தோற்க மாட்டீர்கள். உங்களுக்கு அது கோட்டை. நன்னூலை நடத்தியபோது ஒரு மாணவனிடமாவது இதை இப்படிச் சொல்லியிருந்தால் அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான்.

அதே நன்னூல் இன்னொன்றும் சொல்கிறது. க், ச், த், ப் நான்கும் தன் இனத்தோடு மட்டுமே சேரும். 'க்' வந்தால் அடுத்தது க வரிசைதான். ஆகவே 'க்' சொல்லிவிட்டால் எதிராளிக்கு 247 கதவுகளில் 235 சாத்தப்பட்டுவிடும். ர், ழ் இரண்டும் நேர்மாறு. தன்னோடு தான் சேராது. ட், ற் இரண்டுக்கும் கொஞ்சம் தாராளம் உண்டு: கட்சி, நட்பு, கற்பு. ங் என்றால் க வரிசை; அங்ஙனம், இங்ஙனம் போன்ற ஒன்றிரண்டைத் தவிர வேறு போக்கே இல்லை. இதெல்லாம் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லாத் தமிழர் நாக்கிலும் இருக்கிறது. இருப்பது தெரியாமல் இருக்கிறது.

இனி 'ம்'. தமிழ்ப் பூச்சாண்டிக்கு ஒரு முகம் உண்டு என்றால் அது இந்த 'ம்'தான். பெயர்ச்சொல்லில் எத்தனை 'ம்'மில் வந்து விழுகின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்: மரம், பணம், வட்டம், திருமணம், மருத்துவம், வருமானம். எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும்போதே தூரத்தில் 'ம்' வாயைத் திறந்துகொண்டு நிற்பது தெரியும். அது யார் முறையில் வருகிறது என்பதுதான் கேள்வி. பேத்தியை நான் ஜெயித்த ஒரே ஆட்டம் அப்படித்தான். அவள் 'ச', நான் 'ம்', அவள் 'ப', நான் 'ள'. அவளுக்கு 'ம்' தவிர வேறில்லை. சம்பளம். ஓய்வுபெற்றவனுக்கு அந்தச் சொல் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுமா?

ஆனால் நன்னூலைப் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தது என் தவறு. அடுத்த ஆட்டத்திலேயே அனுபவித்தேன். நான் 'ச', அவள் 'க்'. 'க' சொன்னால் அவள் 'ர' சொல்லிச் சக்கரத்தில் என்னை நசுக்குவாள் என்று தெரிந்தது. வேறு வழி தேடி 'தி' என்றேன். சக்தி. இருட்டிலிருந்து குரல் வந்தது: "தாத்தா! 'க்'குக்குப் பின்னால 'க' மட்டும்தான் வரும்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க!" வடமொழிச் சொல் அது, பழைய முறைப்படி சத்தி என்றுதான் எழுத வேண்டும், பக்தி பத்தியாகும், ஆனாலும் நடைமுறையில் என்று நான் இழுத்தேன். வாத்தியார் விதிவிலக்குப் பேசினால் பிள்ளைகள் விடுவார்களா? 'சா' ஏறியது.

உண்மையில் இது தீராத வழக்கு. ர, ல, ட மூன்றும் நன்னூல்படி சொல்லுக்கு முதலில் வரக் கூடாது. இரசம், இலட்டு என்று எழுத வேண்டும். நம் வீட்டு அடுக்களையிலோ ரவையும் லட்டும் டம்ளரும் இருக்கின்றன. நான் கண்டிப்பானவன் இல்லை. அகராதியில் இருந்தால் விட்டுவிடுகிறேன். தமிழின் மிக நல்ல தற்கால அகராதிகளில் ஒன்று 1992இல் வந்தது; அதன் பெயரே 'க்ரியா'. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்ற விதியை அட்டையிலேயே மீறிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேல் நான் என்ன கண்டிப்புக் காட்டுவது?

ஒற்றை, அதாவது புள்ளி வைத்த மெய்யெழுத்தை, ஒரு முறையாக எண்ணுவதா வேண்டாமா என்றும் ஒரு கேள்வி உண்டு. இதில் எனக்கு என் அப்பாயி நினைவுக்கு வருகிறார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, புதிதாகக் கற்ற திமிரில், "பட்டத்துல எத்தனை எழுத்து அப்பாயி?" என்று கேட்டேன். அவர் உரலில் இடித்துக்கொண்டே, "பட், டம். ரெண்டு" என்றார். நான்கு என்று நான் கைகொட்டிச் சிரித்தேன். பல வருடம் கழித்து யாப்பிலக்கணம் படித்தபோதுதான் அப்பாயி சொன்னது என்னவென்று புரிந்தது. பட், டம். நேர், நேர். தேமா. எழுத்தைத்தான் நான் கேட்டேன். அவர் அசையை எண்ணிச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத காதுக்கு ஒற்று தனியாகக் கேட்பதில்லை. முன்னால் நிற்கும் எழுத்தின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. செய்யுளும் அப்பாயி கட்சிதான். கட்டளைக் கலித்துறையில் ஓரடிக்கு நேரசையில் தொடங்கினால் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு என்று கறாராக எண்ணுவார்கள்; அந்த எண்ணிக்கையில் ஒற்று சேராது. அபிராமி அந்தாதி முழுக்க அந்தக் கணக்கில் கட்டியது.

ஆகவே சின்னக் குழந்தைகளோடு ஆடுகிறவர்கள் அப்பாயி முறையில் ஆடலாம். கட், டு, வி, ரி, யன் என்று ஒற்றைச் சேர்த்தே கொடுத்து வாங்கலாம். நான் ஒற்றைத் தனியே எண்ணும் கட்சி. வல்லின மெய்யைக் கோட்டையாகப் பிடிப்பதும், 'ங்' சொல்லி எதிராளியை ஒரு சந்துக்குள் தள்ளுவதும் ஒற்றுக்கு ஒரு முறை கொடுத்தால்தான் நடக்கும். அது இல்லாத ஆட்டம் எனக்கு உப்பில்லாத கஞ்சி.

சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல அகராதி வேண்டும் என்றேன். அந்த அகராதியே நமக்கு வந்த கதை ஒன்று உண்டு. பழைய நிகண்டுகள் செய்யுளில் இருந்தன. சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கியிருந்தன. தேவர் பெயர் ஓரிடம், விலங்கின் பெயர் ஓரிடம். மனப்பாடம் செய்தவனுக்குத்தான் அது திறக்கும். 1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்தார். முதலெழுத்து வரிசையில் சொற்களை வைத்தார். 1732இல் வீரமாமுனிவர், இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார், சதுரகராதியைத் தொகுத்தார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி; 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதி, வையாபுரிப் பிள்ளையின் உழைப்பு, லட்சத்துக்கும் மேல் சொற்கள். அகராதியைப் புரட்டுகிறவன் என்ன செய்கிறான்? முதலெழுத்தைப் பிடிக்கிறான், இரண்டாம் எழுத்துக்கு நகர்கிறான், மூன்றாவதுக்குப் போகிறான். எங்கள் ஆட்டமும் அதேதான். இரண்டு பேர் இருட்டில் கையைப் பிடித்துக்கொண்டு அகராதிக்குள் நடக்கிறோம். வாசலில் முட்டிக்கொள்பவர் தோற்கிறார்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் தர்பர் என்று ஒரு நகைச்சுவை எழுத்தாளர் இருந்தார். சிறுவயதில் அண்ணன் விட்ட அம்பு ஒரு கண்ணில் பட்டது. வயதான காலத்தில் மற்றக் கண்ணும் ஏறக்குறைய போய்விட்டது. அவர் இந்த ஆட்டத்தின் பெரிய ரசிகர். 1951இல் நியூயார்க்கர் இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அவர் ஆடியது கடினமான வகை. எழுத்தைப் பின்னாலும் சேர்க்கலாம், முன்னாலும் சேர்க்கலாம். கண் தெரியாதவரும் கண் தெரிந்தவரும் சரிசமமாக உட்கார்ந்து ஆட முடிந்த ஆட்டம் என்பதை யோசித்துப் பார்க்கிறேன்.

முன்னால் எழுத்துச் சேர்ப்பது நமக்குப் புதிதில்லை. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவி வகைகளில் எழுத்து வருத்தனம் என்று ஒன்று உண்டு. எழுத்து ஒவ்வொன்றாக ஏற ஏற ஒவ்வொரு படியிலும் புதுப்பொருள் பிறக்க வேண்டும். என் சொந்தச் சரக்கில் ஒரு சின்ன உதாரணம்: கை. முன்னால் ஒரு வ போடுங்கள், வகை. அதன் முன்னால் ஓர் உ, உவகை. அக்கரச்சுதகம் இதற்கு நேர்மாறு. எழுத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். நம் புலவர்கள் ஒவ்வொரு படியிலும் சொல் பிறக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்டத்தில் எந்தப் படியிலும் சொல் பிறந்துவிடக் கூடாது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். சித்திரகவியை வெறும் சொல்விளையாட்டு என்று ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். இந்த ஆட்டத்துக்குப் பிறகு அந்தப் புலவர்களின் வேலைச் சிரமம் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் அவர்கள் செய்யுளைப் படித்து நான் இன்னும் ரசித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு ஆசிரியர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. எர்ன்ஸ்ட் செர்மலோ என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் 1913இல் சதுரங்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து வளர்ந்த கொள்கைப்படி, தாயக்கட்டை போன்ற அதிர்ஷ்டம் இல்லாமல், ஒளிவுமறைவு இல்லாமல், சமன் ஆகாமல் முடிந்தே தீரும் இருவர் ஆட்டத்தில், இருவரில் ஒருவருக்கு நிச்சயமாக ஜெயிக்கும் வழி இருக்கும். அகராதியை முடிவு செய்துவிட்டால் எங்கள் ஆட்டத்துக்கும் அப்படித்தான். மனிதர்களுக்குத் தேவையான அளவு கணக்கு இதுதான்: தொடங்குபவர் வாயில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் எழுத்து, மற்றவர் வாயில் இரண்டு, நான்கு, ஆறு. தொடங்கியவர் இரட்டைப்படை எழுத்துச் சொல்லை நோக்கி இழுக்க வேண்டும், மற்றவர் ஒற்றைப்படையை நோக்கி. இரண்டு பேரும் இதைத் தெரிந்துகொண்டால் ஆட்டம் கயிறிழுப்பாகிவிடும். கணினி நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இங்கே இருந்தால், பேரகராதி இணையத்தில் கிடைக்கிறது. தமிழில் எந்த முதலெழுத்து வெல்லும் என்று கண்டுபிடித்து என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லுங்கள்.

எனக்கு அந்த ரகசியம் எவ்வளவு அவசரம் என்பதற்கு நான்காம் தோல்வியைச் சொல்ல வேண்டும். நான் 'தே' என்றேன். அவள் 'ங்' என்றாள். க வரிசையைத் தவிர எனக்கு வேறில்லை. 'கா' சொல்லியிருந்தால் அவள் 'ய்' சொல்லித் தேங்காயில் விழுந்திருப்பாள். சின்னக் குழந்தை, போகட்டும் என்று விட்டுக்கொடுத்ததாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நடந்தது வேறு. தேங்கு மூன்றெழுத்து, பத்திரமான இடம் என்று அவசரப்பட்டு 'கு' என்றேன். அவள் அழுத்தம் திருத்தமாக, நாக்கை நன்றாக மடித்து, 'ழ' என்றாள். தேங்குழல். அன்று மாலை என் மனைவி பிழிந்த தேங்குழலில் நாலைந்து அப்போது என் மடியிலேயே இருந்தது. 'ண்' ஏறியது.

அந்த நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. அவள் கைப்பேசியைத் தேடிப் போய்விட்டாள். இப்போதைய நிலவரம்: அவள் கணக்கில் பூ, என் கணக்கில் பூச்சாண். 'டி' பாக்கி இருக்கிறது. பொங்கலுக்கு வருகிறாள்.